டெபாசிட்டை ஈடாக வைத்து வாங்கிய கிரெடிட் கார்டு

கடன் வரலாறே இல்லாதவர்களுக்கு நான் முதலில் சொல்வது இந்த வகை கார்டைத்தான். போட்ட டெபாசிட்டே ஈடு என்பதால் வருமானச் சான்றுகளைப் பற்றி வங்கி அதிகம் துருவவில்லை. லிமிட் குறைவு, அதுதான் சங்கடம். கடன் மதிப்பெண்ணுக்கு, அதாவது கடனை ஒழுங்காகக் கட்டுவோமா என்று காட்டும் எண்ணுக்கு, பாக்கி லிமிட்டில் 30 சதவீதத்தைத் தாண்டாமல் இருப்பது நல்லது என்பார்கள். அதனால் செலவு கூடினால் பில் போடும் தேதிக்கு முன்பே ஒரு பகுதியைக் கட்டிவிடுகிறேன். பெரும்பாலும் அன்றைய பாக்கிதான் மதிப்பெண் கணக்கிடும் இடத்துக்குப் போகிறது. ஃபைகோ என்ற கடன் மதிப்பெண் முறையில் 35 சதவீதம் பணம் கட்டிய ஒழுங்கைப் பொறுத்தது. முழுத் தொகைக்கும் ஆட்டோ டெபிட் வைத்துக்கொள்ள இதில் வசதி இருப்பது பெரிய நிம்மதி. ரிவார்டு புள்ளிகள் சொற்பம்தான், சரி, போகட்டும். ஆண்டுக் கட்டணம் கிடையாது. அப்புறம் வேறு கார்டு வாங்கினாலும் இதை மூடமாட்டேன். கணக்கின் வயதையும் மதிப்பெண்ணில் பார்க்கிறார்கள்.