நோட்டரியிடம் போகிறீர்களா? இதையெல்லாம் கவனியுங்கள்

அம்மாவின் குடும்ப ஓய்வூதியத்துக்கு ஒரு அஃபிடவிட் (உறுதிமொழிப் பத்திரம்) கேட்டார்கள். பாஸ்புக்கில் பெயர் ஒரு மாதிரி, ஆதாரில் வேறு மாதிரி, இரண்டும் ஒரே ஆள்தான் என்று நோட்டரி முன்னால் உறுதி சொல்ல வேண்டும். சென்னை பாரிமுனையில் தம்பு செட்டி தெருப் பக்கம் நோட்டரியாகவும் இருக்கும் ஒரு வக்கீலிடம் போனோம். மனுஷர் வேலை செய்த விதம் எனக்கு ரொம்பப் பிடித்துவிட்டது.

சீல் வைப்பதற்கு முன்னால், டைப் அடித்து வந்ததை ஒரு வரி விடாமல் படித்தார். "அம்மா, இதுல என்ன எழுதியிருக்குன்னு தெரியுமா?" என்று கேட்டு, ஆங்கிலத்தில் இருந்ததை அப்படியே தமிழில் சொன்னார். அப்பா பெயரில் டைப்பிஸ்ட் ஒரு இனிஷியலை விட்டிருந்ததும் அப்போதுதான் தெரிந்தது. அந்தப் பக்கத்தை மாற்றி எடுத்து வரச் சொன்னார். ஒரிஜினல் ஆதாரை வாங்கிப் படத்தையும் முகத்தையும் பார்த்தார், தன் கண் முன்னால் கையெழுத்துப் போட வைத்தார், நோட்டரி ஸ்டாம்ப் ஒட்டி வட்ட சீல் வைத்தார், அப்புறம் நீளமான பதிவேட்டில் எண் போட்டு அதிலும் அம்மாவிடம் ஒரு கையெழுத்து வாங்கினார். ரசீதும் கொடுத்தார்.

பதிவேடும் ரசீதும் 1956-ம் வருட நோட்டரி விதிகளிலேயே இருக்கின்றன, நாம் தயங்காமல் கேட்கலாம். கட்டணப் பட்டியலை அறைக்கு உள்ளேயும் வெளியேயும் மாட்டி வைக்க வேண்டும் என்றும் அதே விதிகள் சொல்கின்றன. ஆனால் பல இடங்களில் பட்டியலே கண்ணில் படாது, கேட்கிற தொகையும் ஆளுக்கு ஆள் மாறும். டைப்பிங், முத்திரைத்தாள், நோட்டரி கட்டணம் மூன்றும் தனித்தனியாக எவ்வளவு என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

இதற்கு முன்னால் வீட்டு வாடகை ஒப்பந்தத்துக்கு வேறொரு இடத்தில் நடந்ததை நினைத்தால் இப்போதும் கோபம் வருகிறது. ஜெராக்ஸ் கடையில் பேப்பரை வாங்கிக்கொண்டு உள்ளே போன பையன் சீலோடு திரும்பி வந்தான். ஓனர் வரவே இல்லை, என் முகத்தையும் எந்த நோட்டரியும் பார்க்கவில்லை. நாளைக்கு ஓனர் "இது என் கையெழுத்தே இல்லை" என்று சொன்னால் அந்தப் பத்திரத்துக்குச் சாட்சி யார்? கையெழுத்துப் போட்டவர் இன்னார்தான், நான் பார்த்தேன் என்று சொல்லத்தானே நோட்டரி. பொதுவாகப் பத்து வருடமாவது வக்கீலாக இருந்தவர்களுக்குத்தான் (பெண்களுக்கும் இடஒதுக்கீட்டுப் பிரிவினருக்கும் ஏழு வருடம்) அரசாங்கம் இந்தப் பொறுப்பைக் கொடுக்கிறது. அதை ஒரு கடைப் பையன் கையில் விடலாமா?

சரி, எல்லாவற்றுக்கும் நோட்டரி தேவையும் இல்லை, போதவும் போதாது. பாஸ்போர்ட் இணைப்புப் படிவங்களுக்கு 2016 டிசம்பரிலிருந்து வெள்ளைத்தாளில் நாமே எழுதிக் கையெழுத்துப் போட்டால் போதும். நிலம், வீடு விற்பதற்கான பவர் பத்திரம் என்றால் சார் பதிவாளர் அலுவலகத்தில் பதிய வேண்டும், இங்கே சீல் வாங்கி வந்து பிரயோஜனமில்லை. நோட்டரி முன்னால் கையெழுத்துப் போட்டால் கல்யாணம் ஆகிவிட்டது, விவாகரத்து ஆகிவிட்டது என்று யாராவது சொன்னால் தயவுசெய்து நம்பாதீர்கள். அப்படிப் பத்திரம் போட நோட்டரிக்கு அதிகாரமே கிடையாது என்று மத்திய சட்ட அமைச்சகம் 2024-ல் தெளிவாகச் சொல்லிவிட்டது.

எங்கள் நோட்டரியிடம் குறை என்றால் இடம்தான். குறுகலான படி, லிஃப்ட் கிடையாது, அம்மா மூச்சு வாங்கித்தான் ஏறினார். பகலில் அவர் கோர்ட்டில் இருப்பார், சாயங்காலம் போவதுதான் நல்லது. மாடி ஏற முடியாத பெரியவர்கள் என்றால் முன்கூட்டியே போன் செய்யுங்கள், பதிவேட்டோடு கீழே இறங்கி வந்து கையெழுத்து வாங்கிக்கொள்வேன் என்று அவரே எங்களிடம் சொன்னார்.