ஆஸ்பத்திரி வாசலில் தானாக வந்து பேசுகிறவரிடம் உஷார்

வடசென்னையில் அரசு ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்கள் ஏமாறுவது பெரும்பாலும் உள்ளே இல்லை. கேட்டுக்கும் ஓ.பி. சீட்டு தரும் ஜன்னலுக்கும் நடுவில் இருக்கிற நூறு அடிக்குள் வேலை முடிந்துவிடுகிறது.

காலை எட்டு மணி. வயிற்று வலி என்று மாமியாரைக் கூட்டிக்கொண்டு காசிமேட்டிலிருந்து ஷேர் ஆட்டோவில் ஒரு பெண் வந்து இறங்குகிறார் என்று வையுங்கள். கையில் பழைய சீட்டுகளைத் திணித்த மஞ்சப்பை. அந்தப் பையைப் பார்த்ததுமே ஆள் பக்கத்தில் வந்துவிடும். கழுத்தில் ஒரு நீல நாடா, அதன் நுனியில் இருக்கிற அட்டை மட்டும் சட்டைப் பைக்குள். (வெளியே எடுக்கச் சொல்லுங்கள், எடுக்க மாட்டார்.)

“இன்னாக்கா, ஸ்கேனா? உள்ள மெசின் ரிப்பேரு. தேதி குடுத்தாலும் பதினஞ்சு நாள் ஆவும். தோ, எதுத்தாப்லயே நம்ம பையன் கீறான், அரை மணி நேரத்துல ரிப்போர்ட்டு.”

மெஷின் ஓடிக்கொண்டுதான் இருக்கும். எதிர்க்கடை பில்லில் இவருடைய கமிஷனும் சேர்ந்தே வரும். பணம் போவதை விட மோசமானது ஒன்று உண்டு: டாக்டர் பார்ப்பதற்கு முன்பே ஸ்கேன் எடுத்துவிடுவது. சாதாரண அல்ட்ராசவுண்ட் போதுமா, ஊசியில் மருந்து ஏற்றி எடுக்கிற சி.டி. வேண்டுமா என்பது வயிற்றைத் தொட்டுப் பார்த்த பிறகுதான் டாக்டருக்கே தெரியும். மருந்து ஏற்றுவதென்றால் சிறுநீரகம் தாங்குமா என்று முதலில் ரத்தத்தில் கிரியாட்டினின் பார்க்க வேண்டும். வாசலில் நிற்கிற ஆளுக்கு இதெல்லாம் கணக்கே இல்லை. தப்பான படத்தோடு உள்ளே போனால் மறுபடி எடுக்கச் சொல்வார்கள். இரண்டு செலவு.

அரசு ஆஸ்பத்திரிகளில் சி.டி., எம்.ஆர்.ஐ. மையங்களை நடத்துவது தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம். கட்டணம் வெளியே கேட்பதைவிட மிகக் குறைவு, ரசீதும் தருவார்கள். “ரிப்பேர்” என்ற வார்த்தையை அந்த மையத்தின் ஜன்னலில் கேட்டால் மட்டும் நம்புங்கள். நிஜமாகவே பழுது என்றால் ஆர்.எம்.ஓ. (நிலைய மருத்துவ அலுவலர்) அறைக்குப் போய், வேறு அரசு ஆஸ்பத்திரிக்கு எழுதித் தரச் சொல்லுங்கள்.

அடுத்த கண்ணி, முதலமைச்சர் காப்பீட்டு அட்டை. “ரெண்டாயிரம் குடு, இன்னிக்கே அட்டை” என்பார்கள். திட்டத்தில் சேரக் கட்டணமே கிடையாது. குடும்ப வருமானம் ஆண்டுக்கு 1,20,000 ரூபாய்க்குள் என்ற சான்று, ரேஷன் அட்டை, ஆதார் ஆகியவற்றோடு ராஜாஜி சாலையில் உள்ள கலெக்டர் ஆபீசில் பதியலாம். தனியார் மருத்துவமனையில் இந்த அட்டையைக் காட்டுவதாக இருந்தால், அட்மிஷன் போடும்போதே காட்டுங்கள். ஆபரேஷனுக்கு முன்அனுமதி வந்ததா என்று கேட்டுக்கொள்ளுங்கள். முதலில் ரொக்கம் கட்டிவிட்டு மூன்றாம் நாள் அட்டையை நீட்டுகிறவர்கள்தான் அதிகம் மாட்டுகிறார்கள். “அட்வான்ஸ் கட்டு, அப்புறம் திருப்பித் தரோம்” என்றால் அங்கேயே நின்று காப்பீட்டுத் திட்டத்தின் உதவி எண் 1800 425 3993-க்குப் போன் போடுங்கள்.

பிரசவ வார்டில் “ஆம்பளப் புள்ள” என்று சொல்வதற்கு ஒரு தொகை, தள்ளுவண்டிக்கு ஒரு தொகை. சந்தோஷத்தில் கொடுத்துவிடுகிறோம், அடுத்து வருகிற ஏழைக்கு அதுவே ரேட் ஆகிவிடுகிறது. லஞ்சப் புகாருக்கு 1064. இதைவிட முக்கியம்: “உதவித்தொகைக்குப் போட்டோ எடுக்கணும்” என்று முன்பின் தெரியாத பெண் வந்து கேட்டால் குழந்தையைக் கொடுக்கவே கூடாது. எந்தத் திட்டத்துக்கும் குழந்தையைத் தனியாகத் தூக்கிப் போக வேண்டியதில்லை. ஊசிக்கோ எடை பார்க்கவோ நர்ஸே கேட்டாலும் வீட்டு ஆள் ஒருவர் கூடவே போக வேண்டும். தாயின் தாலிச்செயினையும் கம்மலையும் வீட்டிலேயே கழற்றி வைத்துவிட்டு வாருங்கள்.

மணலி, எண்ணூர் பக்கம் கண்டெய்னர் லாரி இடித்துவிட்டால், சில ஆம்புலன்ஸ்காரர்கள் தங்களுக்குக் கமிஷன் தரும் இடத்துக்குத்தான் வண்டியைத் திருப்புவார்கள். 108-ஐக் கூப்பிடுங்கள், அதற்குப் பணம் கிடையாது. 2021 டிசம்பரில் தொடங்கிய ‘இன்னுயிர் காப்போம்’ திட்டத்தில் முதல் 48 மணி நேரச் சிகிச்சை, திட்டத்தில் உள்ள தனியார் மருத்துவமனையிலும் இலவசம். காப்பீட்டு அட்டை இல்லாதவருக்கும், வேறு மாநிலத்திலிருந்து வேலைக்கு வந்தவருக்கும் இது பொருந்தும்.

போனில் நடக்கும் மோசடி தனி ரகம். கூகுளில் மருத்துவமனைப் பெயரைத் தேடி முதலில் வந்த நம்பருக்குப் பேசினால், “டோக்கனுக்கு அஞ்சு ரூபா அனுப்புங்க” என்று வாட்ஸ்அப்பில் ஒரு ஃபைல் வரும். அதை இன்ஸ்டால் செய்தால் உங்களுக்கு வரும் ஓ.டி.பி. அவர்களுக்கும் போகும். அஞ்சு ரூபாய் வெறும் தூண்டில். பழைய சீட்டில் அச்சடித்திருக்கிற நம்பருக்கு மட்டும் பேசுங்கள். பணம் போயிருந்தால் உடனே சைபர் குற்றப் புகார் எண் 1930.

சொல்லப்போனால், பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓடுகிற பாதிப் பேருக்கு அங்கே வேலையே இல்லை. காய்ச்சல், சுகர், பிரஷர், கர்ப்பிணிப் பரிசோதனை எல்லாவற்றுக்கும் மாநகராட்சியின் நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையம் வார்டிலேயே இருக்கிறது. எங்கே என்று தெரியாவிட்டால் 1913-ல் கேளுங்கள். சுகர், பிரஷர் மாத்திரையை வீட்டுக்கே கொண்டுவந்து கொடுக்க மக்களைத் தேடி மருத்துவம் இருக்கிறது. நாய் கடித்தால் முதலில் ஓடுகிற தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவுங்கள். பிறகு அதே ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஊசி. அதைவிடப் பெரிய விஷயம் என்றால் தண்டையார்பேட்டையிலும் பெரியார் நகரிலும் அரசு மருத்துவமனைகள். எங்கே போவது என்றே தெரியவில்லையா, அரசின் மருத்துவ உதவி எண் 104.

கடைசியாக ஒன்று, எழுதவே சங்கடமானது. பிணவறை வாசலில் தனியார் வண்டிகள் காத்து நிற்கும், அழுகிற குடும்பத்திடம் வாய்க்கு வந்ததைக் கேட்பார்கள். அரசு ஆஸ்பத்திரியில் இறந்தவரை வீட்டுக்குக் கொண்டுபோக இலவச அமரர் ஊர்தி உண்டு. நம்பர் 155377. பிணவறை ஊழியரிடம் கையெழுத்துப் போடும்போதே அழைத்துச் சொல்லிவிட்டால், பேப்பர் வேலை முடிவதற்குள் வண்டி வர வாய்ப்புண்டு.