படகின் ஸ்டியரிங் ஆடுகிறதா? கேபிள் மாற்றச் சம்மதிக்கும் முன் இதைப் படியுங்கள்

ஒன்டாரியோவில் பழைய ஸ்டெர்ன்ட்ரைவ் படகு (எஞ்சின் உள்ளே, புரொப்பெல்லர் உள்ள 'ட்ரைவ்' பகுதி பின்னால் வெளியே இருக்கும் வகை) வைத்திருப்பவர்களுக்காக, குறிப்பாக மெர்க்குரூசர் ஆல்ஃபா ஒன் ட்ரைவ் உள்ளவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஸ்டியரிங்கில் ஆட்டம் இருக்கிறது என்று சொல்லி ஒரு ஒர்க்‌ஷாப்பில் படகை விட்டேன். தேவையே இல்லாத ஒரு கேபிளுக்கும், மாற்றவே மாற்றாத இன்னொரு பாகத்துக்கும் பணம் வாங்கினார்கள். உண்மையான கோளாறை அப்படியே விட்டுவிட்டு, "இனிப் பயமில்லாமல் ஓட்டலாம்" என்று படகைத் திருப்பித் தந்தார்கள். பணம் போனதைக்கூடத் தாங்கிக்கொள்ளலாம். அந்தக் கடைசி வார்த்தையை என்னால் மன்னிக்க முடியவில்லை. அந்தப் படகில் என் பிள்ளைகள் ஏறுகிறார்கள்.

படகு 90களின் கடைசியில் வந்தது. 4.3 லிட்டர் வி6 எஞ்சின், ஆல்ஃபா ஒன் இரண்டாம் தலைமுறை ட்ரைவ், பவர் ஸ்டியரிங். சிம்கோ ஏரியில்தான் பெரும்பாலும் ஓட்டுவோம். வேகம் பிடித்து ஓடும்போது பின்பக்கம் இடமும் வலமும் உதறத் தொடங்கியது. வீலைக் கொஞ்சம் திருப்பினால் ஒன்றும் நடக்காது. இன்னும் கொஞ்சம் திருப்பினால் பின்னால் 'டக்' என்று ஒரு சத்தம் கேட்கும், படகு சட்டென்று ஒரு பக்கம் திரும்பும். ட்ரெண்ட்-செவர்ன் கால்வாயில் லாக்குக்குள் (தண்ணீர் மட்டத்தை மாற்றிப் படகை ஏற்றி இறக்கும் தொட்டி) நுழையும்போது கான்கிரீட் சுவருக்கும் படகுக்கும் நடுவில் இருப்பது கொஞ்ச இடம்தான். அங்கே இப்படி நடந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

இதோடு குழப்பிக்கொள்ளக் கூடாத இரண்டு விஷயங்கள் உண்டு. மெதுவாகப் போகும்போது ஸ்டெர்ன்ட்ரைவ் படகு கொஞ்சம் அலைவது இயல்பு. அதற்குத் தனியாகச் சுக்கான் கிடையாது, ட்ரைவே திரும்பித்தான் படகைத் திருப்புகிறது. ட்ரைவை முழுதாகக் கீழே இறக்கினால் அந்த அலைச்சல் குறையும். அதேபோல, வேகத்தில் எப்போதும் ஒரே பக்கம் இழுத்தால் புரொப்பெல்லருக்கு மேலே உள்ள சின்ன டிரிம் டேபைச் சரிசெய்தாலே போதும். இரண்டும் ஆட்டம் அல்ல.

சரி, ஒர்க்‌ஷாப்புக்கு வருகிறேன். அங்கிருந்தவர் படகில் ஏறினார். எஞ்சினை ஸ்டார்ட் பண்ணாமலே ஸ்டியரிங் வீலை இப்படியும் அப்படியும் அசைத்தார். "பாருங்கள், எவ்வளவு ஆட்டம்! கேபிள் போய்விட்டது" என்றார். பவர் ஸ்டியரிங் உள்ள படகில் எஞ்சின் ஓடாதபோது வீலில் கொஞ்சம் ஆட்டம் தெரியத்தான் செய்யும். கேபிள் முதலில் பவர் ஸ்டியரிங்கின் வால்வை நகர்த்த வேண்டும், அந்த இடைவெளிதான் கையில் தெரிகிறது. இந்த வேலையே தொழிலாக உள்ளவருக்கு இது தெரியாமல் இருக்காது. அவர் படகுக்குப் பின்னால் போய் ட்ரைவைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை.

கேபிளையும் வீலுக்குப் பின்னால் உள்ள ஹெல்மையும் மாற்றினார்கள். எழுத்தில் தந்த மதிப்பீடு 900 டாலர், பில் வந்தது 1,480. ஆட்டம் அப்படியே இருந்தது. திரும்பக் கொண்டுபோனபோது, "அப்படியென்றால் பவர் ஸ்டியரிங் ஆக்சுவேட்டர்தான்" என்று அடுத்த கதையைத் தொடங்கினார்கள். எண்ணெய் அழுத்தத்தால் ட்ரைவைத் திருப்ப உதவும் பாகம் அது. அதற்கு இன்னொரு 1,640. இந்த முறை படகு கொஞ்ச நாள் நன்றாக ஓடியது. அப்புறம் பழையபடி உதறல். பழைய ஆக்சுவேட்டரைக் கேட்டேன், குப்பையில் போட்டுவிட்டோம் என்றார்கள்.

ஒரிலியா பக்கம் தனியாக வேலை செய்யும் வயதான மெக்கானிக் ஒருவரிடம் அதன் பிறகு காட்டினேன். அவர் வீலைத் தொடவே இல்லை. ட்ரெய்லரில் நின்ற படகின் ட்ரைவை முழுதாக இறக்கச் சொன்னார், சாவியை எடுக்கச் சொன்னார். கூட வந்த மச்சானைப் பின்னால் நிறுத்தி, ட்ரைவின் அடியில் துடுப்புபோல நீண்டிருக்கும் ஸ்கெக்கைப் பிடித்து இடமும் வலமும் ஆட்டச் சொன்னார். என்னை எஞ்சின் மூடியைத் திறந்து, எஞ்சினுக்குப் பின்னால் டிரான்சம் (படகின் பின்சுவர்) பக்கம் டார்ச் அடித்துப் பார்க்கச் சொன்னார். அங்கே டில்லர் ஆர்ம் என்ற ஒரு இரும்புக் கை இருக்கிறது. உள்ளே வரும் ஸ்டியரிங் அதைத்தான் தள்ளுகிறது, அதுதான் வெளியே உள்ள ட்ரைவைத் திருப்புகிறது. மச்சான் ஆட்ட ஆட்ட ட்ரைவின் அடி இரண்டு அங்குலம் போய் வந்தது. டில்லர் ஆர்ம் அசையவே இல்லை.

அவ்வளவுதான் சோதனை. ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. வெளியே அசைகிறது, உள்ளே அசையவில்லை என்றால் கேபிள், ஹெல்ம், ஆக்சுவேட்டர் எதிலும் குறை இல்லை. அவை எல்லாம் வீலுக்கும் டில்லர் ஆர்முக்கும் நடுவில் இருப்பவை. டில்லர் ஆர்மும் ட்ரைவோடு சேர்ந்து அசைந்து, வீல் மட்டும் சும்மா இருந்தால்தான் கேபிள் பக்கம் சந்தேகப்பட வேண்டும். அப்போதும் ஆக்சுவேட்டரும் டில்லர் ஆர்மும் சேரும் இடத்தில் உள்ள பின் தேய்ந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள், அது சின்னச் செலவு.

வெளியே அசைவு எங்கே தொலைகிறது என்பதையும் பார்க்கலாம். ட்ரைவைச் சுற்றி கிம்பல் ரிங் என்ற அலுமினிய வளையம் இருக்கிறது. வளையம் நிற்க ட்ரைவ் மட்டும் ஆடினால், ட்ரைவை வளையத்தோடு இணைக்கும் ஹிஞ்ச் பின் பக்கத் தேய்மானம். வளையமும் சேர்ந்து ஆடினால், என் படகைப் போல, மேலே ஸ்விவல் ஷாஃப்ட் (டில்லர் ஆர்மையும் வளையத்தையும் இணைக்கும் தண்டு) வளையத்துக்குள் இறங்கும் இடத்தில் தேய்மானம். ஷாஃப்டின் முனை சதுரம், வளையத்தின் துளையும் சதுரம், போல்ட் போட்டு இறுக்கியிருப்பார்கள். ஷாஃப்ட் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல், வளையம் அலுமினியம். போல்ட் தளர்ந்ததைக் கவனிக்காமல் ஓட்டினால் அலுமினியச் சதுரம் தேய்ந்துகொண்டே போகும். தொடக்கத்திலேயே கண்டுபிடித்தால் இறுக்கினால் போதும். தேய்ந்த பிறகு இறுக்கினால் கொஞ்ச நாள்தான் தாங்கும். ஆக்சுவேட்டர் மாற்றியதாகச் சொன்ன பிறகு படகு கொஞ்ச நாள் நன்றாக ஓடியதன் காரணம் இதுதான். போல்டில் புதிதாக ஸ்பானர் பட்ட கீறல்கள் இருந்தன. அவர்களுக்குக் கோளாறு எங்கே என்று தெரிந்திருக்கிறது!

அந்த மெக்கானிக் உள்ளே இன்னொன்றையும் காட்டினார். 'புது' ஆக்சுவேட்டர் பளபளவென்று கறுப்பாக இருந்தது. அதை டில்லர் ஆர்மோடு இணைக்கும் பின்னில், அது கழன்றுவிடாமல் இருக்கப் போட்டிருந்த காட்டர் பின் என்ற சின்னக் கம்பியும் அதே கறுப்பு. பெயின்ட் பின்னையும் ஓட்டையையும் சேர்த்து மூடியிருந்தது. பக்கத்து ஹோஸிலும் பெயின்ட் தெறித்திருந்தது. ஆக்சுவேட்டரைக் கழற்ற வேண்டுமானால் அந்தக் காட்டர் பின்னை இழுத்தே ஆக வேண்டும், திரும்பப் பூட்டும்போது புதிது போடுவதுதான் முறை. அங்கே எதையும் கழற்றவே இல்லை. இருந்த இடத்திலேயே ஸ்ப்ரே அடித்துவிட்டு 1,640 டாலர் எழுதியிருக்கிறார்கள்.

படங்கள் எடுத்து, பில்களோடு அந்த ஒர்க்‌ஷாப்புக்கு எழுத்தில் அனுப்பினேன். ஒன்டாரியோவின் 2002ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் தெளிவாக ஒரு விதி இருக்கிறது: ஒப்பந்தத்தில் மதிப்பீடு தந்திருந்தால், அதைவிட 10 சதவீதத்துக்கு மேல் கூடுதலாக வாங்கக் கூடாது. கூடுதல் வேலைக்கு நீங்கள் தனியாகச் சம்மதித்திருந்தால் மட்டும் விதிவிலக்கு. அதனால் மதிப்பீட்டை வாய்வார்த்தையாக வாங்காதீர்கள். ஆக்சுவேட்டர் பணம் முழுதாகத் திரும்ப வந்தது, கேபிள் பில்லில் 10 சதவீதத்துக்கு மேற்பட்டதும் வந்தது. தேவையில்லாத கேபிளின் விலை வரவில்லை. அதற்கு மாகாண நுகர்வோர் பாதுகாப்பு அலுவலகத்தில் புகார் கொடுத்திருக்கிறேன்.

உண்மையான வேலை மலிவானது அல்ல என்பதையும் சொல்லிவிடுகிறேன். முறைப்படி செய்தால் எஞ்சினை வெளியே எடுத்து, டிரான்சம் பகுதியைக் கழற்றி, வளையத்தையும் ஷாஃப்டையும் மாற்ற வேண்டும். ட்ரைவைக் கழற்றிவிட்டு வெளியே உள்ள ஹவுசிங்கில் துளை போட்டு ஷாஃப்டை எடுத்து, பிறகு துளையை அடைக்கும் வழியும் உண்டு. செலவு நன்றாகக் குறையும். நான் எஞ்சினை எடுத்தே செய்யச் சொன்னேன். எப்படியும் ஷாஃப்டின் சீலும் புஷ்ஷும் போயிருந்தன. டில்லர் ஆர்முக்குக் கீழே டிரான்சத்தில் துரு வழிந்த கோடு இருந்தது. ஏரித் தண்ணீர் அந்த வழியாகத்தான் பில்ஜுக்குள் (படகின் உள் அடிப்பகுதி) வந்துகொண்டிருந்தது. பழைய படகு வாங்கப் போகிறவர்கள் எஞ்சின் மூடியைத் திறந்ததும் முதலில் அந்தக் கோட்டைத் தேடுங்கள். ஸ்கெக்கைப் பிடித்து ஆட்டிப் பார்க்க விற்பவர் அனுமதிக்காவிட்டால் அந்தப் படகை வாங்காதீர்கள்.

இந்தச் சோதனைக்கு இரண்டு பேர் வேண்டும். சிம்கோ, கௌச்சிச்சிங் பக்கம் இருப்பவர்கள் படகை ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டுபோகும் முன் எனக்குத் தகவல் அனுப்புங்கள். டார்ச்சோடு வந்து உள்ளே பார்க்கிறேன், நீங்கள் வெளியே நின்று ஆட்டுங்கள்.