வேகம் ஏத்துறது, திரும்புறது: கேம்ல எந்த முறை கைக்கு ஒத்து வருது?

பட்டனை அமுக்குனா ஆளு ஓடணும், எதிர்ப்பக்கம் அமுக்குனா திரும்பணும், அவ்ளோதான், ஆனா இதை புரோகிராமா எழுத நாலு வழி இருக்கு, எதை எடுக்குறோமோ அதுல ஆடுறவங்க கைக்கு கேம் எப்படி தெரியுதுங்கிறதே மாறிடுது.

முதல் வழி, நேரா முழு வேகம். 1987ல வந்த மெகா மேன் கிட்டத்தட்ட இப்படித்தான், விட்டா நிப்பான். குட்டிக் குட்டி மேடையில தாவுற கேமுக்கு இது போதும், ஆனா உடம்புக்கு கனமே இல்லாத மாதிரி இருக்கும்.

ரெண்டாவது லெர்ப். ஒவ்வொரு ஃப்ரேம்லயும், அதாவது திரையில படம் ஒருதடவை மாறுறப்போ எல்லாம், இப்போ இருக்கிற வேகத்துக்கும் வேண்டிய வேகத்துக்கும் மிச்ச வித்தியாசத்துல 10 சதவீதம் நகர்த்துறது. ஒரே வரியில புரோகிராம் எழுதிடலாங்கிறதால எல்லா டுடோரியல்லயும் இதுதான் வருது. அப்படியே போட்டா 0.1 செகண்ட்ல, செகண்டுக்கு 60 ஃப்ரேம் காட்டுற மானிட்டர்ல சுமார் 47 சதவீத வேகம், 144ல சுமார் 78, அதாவது ஒரே கேம் ரெண்டு பேருக்கு ரெண்டு விதமா ஓடுது. டெல்டா டைம் (போன ஃப்ரேமுக்கும் இதுக்கும் நடுவுல ஆன நேரம்) வச்சு அடுக்குக்குறி கணக்கா மாத்தினா அது சரியாகும், ஆனாலும் கடைசில இழுத்துக்கிட்டே போய் நிக்கிற குணம் போகாது. கேமராவுக்கு அருமை, பிளேயருக்கு நான் வைக்க மாட்டேன்.

மூணாவது, ஒவ்வொரு ஃப்ரேமும் நிலையான அளவு கூட்டுறது, கோடோங்கிற (Godot) கேம் எஞ்சின்ல மூவ் டுவார்ட்னு இருக்கே அது. என் ஓட்டு இதுக்குத்தான். 1991 சோனிக்ல முடுக்கம் ஃப்ரேமுக்கு 0.046875 பிக்சல், உச்ச வேகம் ஃப்ரேமுக்கு 6 பிக்சல், அப்போ முழு வேகத்துக்கு 128 ஃப்ரேம், ரெண்டு செகண்டுக்கும் மேல! ஆனா எதிர்ப்பக்கம் அமுக்குனா ஃப்ரேமுக்கு 0.5 குறையுது, 12 ஃப்ரேம்ல நின்னுடும். இந்த பத்து மடங்கு வித்தியாசம்தான் விஷயமே. நான் முதல்ல ரெண்டுக்கும் ஒரே மதிப்பு போட்டு ஆளு ஐஸ் மேல வழுக்குற மாதிரியே இருந்துச்சு, முடுக்கத்தையே மாத்தி மாத்திப் பாத்தேன், திரும்புறதுக்கு தனி மதிப்பு கொடுத்த அன்னைக்குத்தான் சரியாச்சு. 2018ல வந்த செலஸ்ட்டும் இதே ஃபார்முலாதான், உச்சம் செகண்டுக்கு 90 பிக்சல், முடுக்கம் 1000, 0.1 செகண்டுக்குள்ள முழு வேகம். டாஷ் (சட்டுனு பாயுற அசைவு) அடிச்சு உச்சத்தைத் தாண்டிப் போறப்போ அதே பக்கம் பிடிச்சிருந்தா 1000 இல்லாம 400 கணக்குல மெதுவா குறையும், அதனால சம்பாதிச்ச வேகம் சட்டுனு பறிபோகாது, எவ்ளோ அக்கறையா யோசிச்சிருக்காங்க பாருங்க.

(யூனிட்டிங்கிற இன்னொரு கேம் எஞ்சின்ல, பட்டனைப் படிக்கிற பழைய இன்புட் முறையில கெட்ஆக்சிஸ் தானாவே மதிப்பை மெதுவா ஏத்தி இறக்கும், அது மேல நம்ம முடுக்கமும் சேந்தா ரெட்டை தாமதம், அப்படி மெதுவாக்காம நேரா மதிப்பைத் தர்ற கெட்ஆக்சிஸ் ரா எடுத்துக்கோங்க.)

நாலாவது விசை முறை, அதாவது வேகத்தை நேரா மாத்தாம, ஒரு தள்ளுவிசை (force) கொடுத்து மாத்துறது. 1979 ஆஸ்டிராய்ட்ஸ்ல கப்பல் மூக்கு ஒரு பக்கம், போற திசை இன்னொரு பக்கம். கிரெய்க் ரெனால்ட்ஸ் 1999ல எழுதின ஸ்டீரிங் முறையும் இந்த வகைதான், வேண்டிய வேகத்துல இருந்து இப்போ இருக்கிற வேகத்தைக் கழிச்சு, வர்ற விசைக்கு ஒரு உச்சவரம்பு. துரத்துற எதிரிக்கு இதை வைங்க, அது வளைஞ்சு தாண்டிப் போற நேரத்துல பிளேயர் தப்பிக்கலாம். காருக்கு மட்டும் வேண்டாம், பின்பக்கம் திரும்பச் சொன்னா வேகம் பூஜ்யத்துக்கு வந்து அப்படியே ரிவர்ஸ்ல கிளம்பும், அதுக்கு செகண்டுக்கு இத்தனை டிகிரினு கோணத்தையே திருப்புங்க.