பத்து நாள் ஆய்வு முறையியல் பயிற்சி: எட்டாம் நாளுக்காகப் போகலாம்

போன டிசம்பரில் தெற்கே ஒரு கல்லூரியில், சமூக அறிவியலில் பிஎச்.டி. செய்கிறவர்களுக்காக நடந்த பத்து நாள் பயிற்சிக்குப் போய் வந்தேன். கல்லூரி பெயர் வேண்டாம், அங்கே எனக்கு இன்னும் வேலை இருக்கிறது.

முதல் நாள் காலை குத்துவிளக்கிலும் பொன்னாடையிலும் போனது. அதை விடுங்கள், எங்கேயும் அப்படித்தான். என் வருத்தமெல்லாம் மூன்றாம் நாள் தொடங்கி ஆறாம் நாள்வரை. நான்கு நாளும் கம்ப்யூட்டர் லேபில் எஸ்பிஎஸ்எஸ் என்ற புள்ளியியல் மென்பொருள்: இந்த மெனுவுக்குப் போ, இதை அழுத்து, கேள்விகள் ஒன்றோடொன்று ஒத்துப்போகின்றனவா என்று காட்டும் குரோன்பாக் ஆல்ஃபா 0.7க்கு மேல் வந்தால் சந்தோஷப்படு. ஏன் 0.7 என்று ஒரு பெண் கேட்டதற்கு, "ரிவியூவர் அதைத்தான் கேட்பார்" என்று பதில். இத்தனைக்கும் அந்த மென்பொருளை எங்களில் ஒருவர்கூடக் காசு கொடுத்து வாங்கப்போவதில்லை; அதே வேலைக்கு இலவசமாகக் கிடைக்கும் ஆர், ஜமோவி மென்பொருள்கள் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

மாதிரி எடுப்பது, அதாவது யார் யாரிடம் கேள்வி கேட்பது என்று தேர்ந்தெடுப்பது பற்றிய வகுப்பு நன்றாக இருந்தது. ஆளாளுக்குத் தீசிஸில் 384 பேர் என்று எழுதுகிறோமே, அது கிரெஜ்சி, மார்கன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1970இல் போட்ட அட்டவணையிலிருந்து வருவது, 95 சதவீத நம்பகம், 5 சதவீதப் பிழை என்று வைத்துக்கொண்ட கணக்கு, ஆனால் ஆட்களைக் குலுக்கல்போல எடுத்தால்தான் அது செல்லும் என்றார் பேராசிரியர். வாட்சப் குரூப்பில் கூகுள் ஃபார்ம் அனுப்பி ஆள் சேர்த்தவர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். நானும்தான்.

எட்டாம் நாள் எங்களை வேனில் ஏற்றி, நாங்களே தயாரித்த வினாத்தாளோடு பக்கத்து ஊரில் இறக்கிவிட்டார்கள். பீடி சுற்றும் ஊர். திண்ணையில் மடியில் தட்டோடு உட்கார்ந்திருந்த ஒரு அக்காவிடம் "வேலைக்குப் போறீங்களா?" என்று கேட்டேன். "இல்ல தம்பி, சும்மா வீட்லதான் இருக்கேன்" என்றார். கை நிற்கவே இல்லை. இலையில் தூளை வைத்து, சுருட்டி, நூலைக் கட்டி, அடுத்தது. நானும் சமர்த்தாக 'இல்லை' கட்டத்தில் டிக் போட்டேன். பின்னால் நின்ற களப் பயிற்சியாளர் மெதுவாக, "அவங்க கையைப் பார்த்தியா?" என்றார். அப்புறம் ஆயிரம் பீடிக்கு என்ன கூலி என்று அவரே பேச்சுக் கொடுத்தார், அவ்வளவுதான், கழித்துத் தள்ளும் பீடியிலிருந்து குறைத்துக் கொடுக்கும் இலைவரை அக்கா அரை மணி நேரம் பேசினார். 'ஓரளவு உடன்படுகிறேன்' வகைக் கேள்விகளுக்கு மட்டும், "எதுல வேணாலும் போட்டுக்கோ தம்பி" என்றுவிட்டார்.

என்எஸ்எஸ் எனும் தேசிய மாதிரிக் கணக்கெடுப்பில் ஆண்டுக்கு 30 நாளாவது வேலை செய்தவர்களைத் துணைநிலைப் பணியில் (முக்கிய வேலையாக இல்லாமல் பக்கத்தில் செய்வது) சேர்ப்பார்கள். உதவிப் பேராசிரியர் தகுதிக்கான நெட் தேர்வுக்கு மனப்பாடம் செய்த அந்த விதி எதற்கு என்று அன்று மாலைதான் புரிந்தது. என் தீசிஸ் வினாத்தாளில் பதினோரு கேள்விகளை அன்று ராத்திரியே அடித்து நீக்கினேன்.

விண்ணப்பிக்கும் முன் ஒருங்கிணைப்பாளரிடம் நிகழ்ச்சி நிரலைக் கேட்டு வாங்குங்கள். களத்துக்கு ஒரு நாள்கூட இல்லையென்றால் சான்றிதழுக்காகப் பத்து நாளை வீணாக்க வேண்டாம், அந்த மெனுவெல்லாம் யூடியூபில் கிடைக்கிறது. சாப்பாடு பரவாயில்லை. கொசுவத்தி மட்டும் கையோடு எடுத்துப் போங்கள், விடுதி ஜன்னலுக்கு வலை கிடையாது.