குழாய்த் தண்ணீருக்கும் கடைமடை உண்டு: இரண்டு ஊராட்சித் தலைவர்கள்

மன்னார்குடிப் பக்கம் எங்கள் ஊராட்சியில் 2011 முதல் 2016 வரை ஆண் தலைவர். 2020 ஜனவரியிலிருந்து ஐந்தாண்டு பெண் தலைவர். (நடுவில் தேர்தலே இல்லை. 2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோது ஓடிப்போய்க் கதவைத் தட்ட ஒரு தலைவர் இல்லாமல் தவித்தோம். அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.) இரண்டு பேரிடமும் வார்டு உறுப்பினராக இருந்திருக்கிறேன்.

முதலில் இருந்த தலைவரின் பலம் வேகம். ஐப்பசி மழையில் ஒரு ராத்திரி வாய்க்கால் கரை உடைந்தது. டீக்கடை வாசலில் நின்றபடியே நாலு போன் போட்டார். அரை மணியில் டிராக்டரும் மணல் மூட்டையும் வந்துவிட்டன. கூட்டம் போட்டுக் கேட்டுக்கொண்டிருந்தால் சம்பா முழுகியிருக்கும். ஆனால் சிமெண்ட் சாலை எந்தத் தெருவுக்கு என்பதையும் அதே டீக்கடையில்தான் முடிவு செய்வார். அங்கே பெண்கள் நிற்பதில்லை.

அடுத்து வந்த அம்மா, ஒரு மே தினக் கிராம சபையில் வரவு செலவு வாசித்து முடித்ததும் எழுந்து, பின்னால் நின்ற பெண்களிடம் போனார். "அக்கா, உங்க தெருவுக்குத் தண்ணி எத்தனை மணிக்கு வருது? எத்தனை குடம் புடிக்கிறீங்க?" ஒவ்வொருவர் சொன்னதையும் நோட்டில் எழுதிக்கொண்டார். மேல்நிலைத் தொட்டியைத் திறந்ததும் மேலத்தெரு நிரம்பிவிடும்; கடைசித் தெருவுக்கு இரண்டு குடத்தோடு சரி. முன்பும் புகார் வந்ததுண்டு. 'புது போர் போட்டால் சரியாகும்' என்று முடித்துவிடுவோம், நானும் சேர்ந்துதான். இவர் போர் போடவில்லை. கடைசித் தெரு வால்வை முதலில் திறக்கச் சொன்னார். மேலத்தெரு சண்டைக்கு வந்தது. "வயலுக்குன்னா கடைமடைக்குத் தண்ணி வரலேன்னு மறியல் பண்றீங்களே?" என்றார். ஒருவரும் வாய் திறக்கவில்லை.

மேற்கு வங்கத்திலும் ராஜஸ்தானிலும் பெண்களுக்கு ஒதுக்கிய ஊராட்சிகளைப் பார்த்து, ராகவேந்திர சட்டோபாத்யாயும் எஸ்தர் டஃப்லோவும் 2004இல் வெளியிட்ட ஆய்வும் இதைத்தான் காட்டியது. பெண்கள் எதற்கு அதிகம் முறையிட்டார்களோ, குறிப்பாகக் குடிநீர், அதற்குப் பணம் கூடுதலாகப் போயிருந்தது. அதற்காக, பெண் தலைவர்களின் குணமே வேறு என்று சொல்ல மாட்டேன். பல ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்த ஆலிஸ் ஈக்லியும் பிளேர் ஜான்சனும் 1990இல் எழுதியபடி, கலந்துபேசி முடிவெடுப்பது பெண் தலைவர்களிடம் சற்றே கூடுதல், அவ்வளவுதான். எங்கள் அம்மாவுக்கு டீக்கடை கிடையாது. கேட்க வேறு இடம் தேடியாக வேண்டியிருந்தது. அவர் குரல் உயர்த்தினால் வாயாடி என்பார்கள், ஆண் உயர்த்தினால் கறார். ஓர் அலுவலகத்தில் "வீட்டுக்காரர் வரலியா?" என்று கேட்டு அரைநாள் வெளியே உட்கார வைத்தார்கள். கூடப் போன எனக்கு மட்டும் நாற்காலி போட்டார்கள்.

2025 ஜனவரியில் அவர் பதவிக்காலம் முடிந்து தனி அலுவலர் வந்தார். தொட்டி ஆபரேட்டர் இன்றும் கடைசித் தெரு வால்வைத்தான் முதலில் திறக்கிறார்.