பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறை பக்கம் நடந்த ஃபுட்பால் செலக்‌ஷன்: போகலாமா?

13 வயதுக்குட்பட்டோர் தேர்வுக்குத் தம்பி மகனைக் கூட்டிப்போனேன், அகாடமி பெயர் வேண்டாம். மைதானம் அருமை, வெயிலுக்கு மோரும் கொடுத்தார்கள். ஆனால் தேர்வு செய்கிற முறை இருக்கிறதே, வரிசையாக நிற்கவைத்து உயரம் பார்த்து, ஒரு ஓட்டம் ஓடவிட்டு, பாதிப் பேரைப் பந்தையே தொடவிடாமல் அனுப்பிவிட்டார்கள். ஜனவரி 1 கணக்கில் வயது பிரித்தால், ஜனவரியில் பிறந்தவனுக்கும் டிசம்பரில் பிறந்தவனுக்கும் கிட்டத்தட்ட ஒரு வருட வளர்ச்சி வித்தியாசம் இருக்கும். அதைத் திறமை என்று எண்ணிக்கொள்கிறார்கள்.

மதியம் நடந்த நாலுக்கு நாலு ஆட்டம்தான் உருப்படி. ஒரு பொடியன், பந்து வருமுன்னே இரண்டு பக்கமும் திரும்பிப் பார்த்துவிட்டு, ஒரே தட்டில் ஆளில்லாத இடத்துக்குத் தள்ளிவிட்டான். கோச் போனில் இருந்தார். "சாரே, அந்தப் பையனைப் பார்த்தீங்களா?" என்றேன். "ஹைட் போதாதுங்க" என்றார். வளர்ச்சி ஹார்மோன் குறைபாடு இருந்த மெஸ்ஸியை பார்சிலோனா 13 வயதில் எடுத்தது இவர் காதுக்கு எட்டவில்லை போல.

சரி, போவதென்றால் கட்டணத்துக்கு ரசீது கேட்டு வாங்குங்கள், தானாகத் தரமாட்டார்கள்.